ஒட்டுவதற்கு முன் நடந்த பேச்சு

பிப்ரவரி 4

வாலு,

பெட்டியை இன்னும் திறக்கவில்லை. விமானம் இறங்கியதும் நேரே ஆய்வகத்துக்குப் போய் என் மாட்டுக் கருக்களைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

இனிமேல் போன் வேண்டாம், கடிதம் போடு என்று நான் சொன்னது கோபத்தில் இல்லை. போன முறை வைத்த கரு தங்காமல் போனபோது நாம் போனில் பேசியதை நினைத்துப் பார். பேசவா செய்தோம்? மாற்றி மாற்றி அழுதோம். அதுவும் போகட்டும், போனில் நீ ‘ம்’ என்றால் அது என்ன ‘ம்’ என்று யோசித்தே எனக்குத் தூக்கம் போகிறது. கடிதத்தில் யாரும் ‘ம்’ என்று எழுத மாட்டார்கள்.

இந்த முறை கரு வைத்த அன்றைக்கு அந்த அறையில் டாக்டர் திரையைக் காட்டி, “அதோ பாருங்க, அந்த வெள்ளைப் புள்ளிதான்” என்றார். நீ கழுத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாய். என் புருஷன், உன் மாமா, உன் தலைமாட்டில் நின்று, “வலிக்குதாம்மா?” என்று உன்னைக் கேட்டார். எனக்கு உன் கால்மாட்டில் இடம் கிடைத்தது. என் முட்டையும் அவருடைய விந்தும் சேர்ந்த கரு அது. எனக்குக் கருப்பை இருந்திருந்தால் அந்தப் புள்ளி என்னிடம் வந்திருக்கும். ரத்தம் நிற்கவில்லை என்று அதை வெட்டி எடுத்தார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் ஆமாம் என்றேன்.

வைத்தவுடன் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படி இல்லை. ஓரிரு நாள் அது சும்மா மிதந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் பேச்சு நடக்கிறது. எட்டு வருடமாக நான் மாட்டிலும் எலியிலும் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும் பேச்சு அதுதான். கருப்பைச் சுவரில் உள்ள செல்கள் தங்கள் தோலிலிருந்து துளித் துளியாகக் கிள்ளி, உள்ளே கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் புரதம், பொடிப்பொடியாக ஆர்.என்.ஏ. துண்டுகள் எல்லாம் வைத்து வெளியே அனுப்புகின்றன. நாங்கள் நுண்பை என்போம். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும், அவ்வளவு சின்னது. பச்சை வண்ணம் ஏற்றிய நுண்பைகள் மாட்டுக் கருவுக்குள் நுழைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உள்ளே போனவை, எந்த ஜீன் விழிக்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்பதைக்கூட மாற்றுகின்றன. கருவும் சும்மா இருக்காது. அதுவும் தன் பங்குக்கு நுண்பைகளை அனுப்பி, ‘இடம் கொடு’ என்று சுவரைக் கேட்கும். மனிதர்களில் எவ்வளவு, எப்படி என்பது இன்னும் முழுதாகத் தெரியாது. நடக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அந்தப் பேச்சு முடிந்திருக்கும். என் பிள்ளை தங்க வந்த உன் வயிற்று வீடு அதனிடம் என்ன சொன்னதோ.

கனமான எதையும் தூக்காதே. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போகாதே. காப்பியைக் குறை. கோபப்படாதே.

அக்கா

பிப்ரவரி 10

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. எனக்குத் தெரியாமல் என் வயிறு யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் யாருக்குத்தான் வேர்க்காது? வாயால் பேசுவதையே அடக்க முடியாதவள் நான். வயிறு என்ன உளறியதோ, நான் பொறுப்பில்லை.

வீட்டில் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னேன். நுண்பை என்றால் யாருக்கும் நாக்கில் நிற்கவில்லை. நான் பொட்டலம் என்று பெயர் வைத்துவிட்டேன். பொடிசு தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், “அம்மா, இன்னிக்குப் பொட்டலம் போட்டாச்சா?” என்று கேட்கிறாள். “பெரியம்மாவோட பாப்பாவுக்கு ஸ்பெஷல் பொட்டலம் அனுப்பிட்டேன்” என்கிறேன்.

நீ போட்ட ‘கூடாது’களைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டாள் அம்மா. ஆமாம், அம்மா இங்கேயே வந்துவிட்டாள். தலை வாரிவிடுகிறாள், அக்கா! எனக்குக் கல்யாணம் ஆன பிறகு முதல் தடவை. மாமா தினமும் வேலை முடிந்து பழப்பையோடு வந்துவிடுகிறார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறார். நேற்று நான் தும்மினேன், அதற்கு எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினார். என் வீட்டுக்காரர், “ஏழு வருஷம் முன்னாடி பொடிசு வயித்துல இருந்தப்ப நான் இப்படியெல்லாம் செஞ்சேனா?” என்று கேட்டார். “நீங்க அப்ப கிரிக்கெட் பாத்துக்கிட்டிருந்தீங்க” என்றேன்.

டிரைவிங் ஸ்கூலில் என்னை வகுப்பறைப் பாடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பலகையில் ரவுண்டானா வரைந்து காட்டுகிறேன். ஒரே ஒரு நாள் மட்டும் காரில் ஏறினேன். ஒரு பெண் மூன்று முறை லைசென்ஸ் தேர்வில் தோற்று அழுதுகொண்டு வந்தாள், அவளுக்காக. கண்ணை உருட்டாதே. பிரேக் என் காலடியிலும் ஒன்று இருக்கிறது.

போன முறை தங்காமல் போனதற்கு நீ என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

உன் வாலு

பிப்ரவரி 17

வாலு,

வாழ்த்து என்று யாருக்கு யார் சொல்வது? உனக்கு நானா, எனக்கு நீயா? இரண்டு நாளாக இது தெரியாமல்தான் எழுதவில்லை.

உன் மாமா போன் செய்து, “கேட்டியா, நிஜமாயிடுச்சு!” என்றார். “என்னது?” என்றேன். “அடடே, அத்தை உனக்குச் சொல்லலையா?” என்றார். இரத்தச் சோதனை முடிவு காலையிலேயே வந்திருக்கிறது. முதலில் உனக்கு, பிறகு உன் வீட்டுக்காரருக்கு, பிறகு அம்மாவுக்கு, பொடிசுக்கு, அப்புறம் உன் மாமாவுக்கு. ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில்தான் பெற்றவளுக்கு வந்து சேர்ந்தது. போன் வேண்டாம் என்றவள் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதற்குமா?

அவர் ஒரு படம் அனுப்பினார். நீ நடுவில் உட்கார்ந்திருக்கிறாய். அம்மாவின் கை உன் தோளில். அவர் கை உன் நாற்காலியின் மேல். உன்மேல் இல்லை, நாற்காலியின் மேல்தான். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன் என்றால் என் நிலைமை உனக்குப் புரியும்.

எனக்கு வயிற்றெரிச்சல், வாலு. சுமக்கத்தான் வயிறு இல்லை, எரிய இருக்கிறது.

நாங்கள் கரு வளர்க்கும் தட்டுகளில் ஒரு விஷயம் உண்டு. ஒரு துளியில் ஒரே ஒரு கருவை விட்டால் சவலையாகத்தான் வளரும். பத்துப் பதினைந்தைச் சேர்த்து விட்டால் நன்றாக வளரும். ஒன்றுக்கு ஒன்று நுண்பை அனுப்பிக் கொள்கின்றன, அதனால்தான் என்று நினைக்கிறோம். நேற்று நுண்நோக்கியில் ஒற்றையாகக் கிடந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேசைச் சுருட்டைமுடிக்காரன், “மேடம், அது ஏற்கெனவே செத்துடுச்சு” என்றான்.

உன்னை நான் வைவதாக நினைக்காதே. உன் வீடு என்ன சொல்லித் தங்க வைத்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் நிம்மதி இல்லை.

அக்கா

மார்ச் 8

அக்கா,

முந்தாநாள் ஸ்கேனில் இதயத் துடிப்பு கேட்டது. நன்றாக இருக்கிறது. முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று வாசலுக்கு வந்து போனைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் அந்த நர்ஸ் பின்னாலேயே வந்தாள்.

“உங்க அக்கா பெரிய விஞ்ஞானியாமே. உங்க சாம்பிளை வெச்சு அவங்க லேபுல ஆராய்ச்சி பண்றாங்களாமே?” என்றாள்.

“எந்த சாம்பிள்?” என்றேன்.

“போன மாசம் கரு வைக்கறதுக்கு முன்னாடி கருப்பையிலேர்ந்து தண்ணி எடுத்தோமில்ல? மீதி இருந்ததை ஐஸ்ல வெச்சு அனுப்பினோமே.”

நான் அவளிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. “ஆமாமா, தெரியும்” என்றேன். உன் மானத்தைக் காப்பாற்றினேன். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மாமா கார் கதவைத் திறந்துவிட்டார். “ஏம்மா அழுவுற, நல்ல சேதிதானே?” என்றார். நல்ல சேதிதான் என்றேன்.

நான் என்ன உன் பண்ணை மாடா?

‘வாலு, கொஞ்சம் பார்க்கட்டுமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் கையாலேயே எடுத்து நீட்டியிருப்பேன். வயிற்றையே கொடுத்தவளுக்கு அந்தத் தண்ணியா பெரிது? ஆனால் நீ கேட்கவில்லை. யாரையோ பிடித்து, எனக்குத் தெரியாமல் வாங்கினாய். ‘உன்மேல் குறையே இல்லை வாலு’ என்று என்னிடம் சொல்லிவிட்டு, என்னில் என்ன குறை என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேடியிருக்கிறாய். தானும் படுக்க மாட்டாய், தள்ளியும் படுக்க மாட்டாய்.

சின்ன வயதிலிருந்து உன் பழைய சட்டை, உன் பழைய புத்தகம், உன் பழைய சைக்கிள் எல்லாம் எனக்கு வந்தன. எதற்கும் நான் முகம் சுளித்ததில்லை. முதல் தடவையாக என்னிடம் இருப்பது உனக்குத் தேவைப்பட்டது. அதற்கும் சோதனை போட்டுப் பார்த்துத்தான் வாங்குவாயா?

குழந்தையை நான் நன்றாகப் பார்த்துக்கொள்வேன். அதில் சந்தேகம் வேண்டாம். எனக்குக் கடிதம் எழுதாதே.

மார்ச் 25

வாலு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

செய்தேன். அங்கே மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இருப்பவள் என்னோடு படித்தவள். முதல் கரு ஏன் தங்கவில்லை என்று பார்க்க வேண்டும் என்றேன், கொடுத்தாள். அவளிடம் சொன்ன காரணத்தை எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று பெட்டியைத் திறக்கும்போதே எனக்குத் தெரியும்.

உன் திரவத்திலிருந்து நுண்பைகளைப் பிரித்தெடுத்தேன். எலிக் கருக்கள் வளரும் துளிகளில் பாதிக்கு அவற்றைக் கொடுத்தேன், பாதிக்குக் கொடுக்கவில்லை. ஏதாவது கோணலாக வரும் என்று காத்திருந்தேன். வர வேண்டும் என்று காத்திருந்தேன் என்று எழுதினால்தான் உண்மை. உன்னுடையது கிடைத்த கருக்கள் நன்றாகக் கொழுத்து, தங்கள் மேலோட்டைப் பிளந்துகொண்டு முதலில் வெளியே வந்தன. குறை ஒன்றும் இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

குறை இருந்திருந்தால் நான் உன்மேல் பரிதாபப்பட்டிருப்பேன். பரிதாபம் எனக்குச் சுலபம், சின்ன வயதிலிருந்து பழக்கம். உன்னுடையதோடு ஒப்பிட என்னுடையது ஒரு சொட்டுகூட எங்கும் இல்லை. வெட்டி எடுத்ததை மருந்தில் ஊறப்போட்டு, சீவிப் பார்த்துவிட்டு எறிந்திருப்பார்கள். என் வீடு அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்லியிருக்கும் என்று எந்த ஆய்வகத்திலும் இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது.

உன் கடிதம் வந்த அன்றே எங்கள் ஆய்வகத் தலைவியிடம் போய்ச் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “கேட்காம எடுத்தியா?” என்றாள். “ஆமா” என்றேன். “கூடப் பிறந்தவகிட்டயா?” என்றாள். மீதி இருந்ததை அவள் கண் முன்னால் அழித்தேன். அந்த முடிவுகளை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். மே மாதக் கருத்தரங்கில் என் ஆராய்ச்சியைப் பற்றி எனக்குப் பதிலாகச் சுருட்டைமுடிக்காரன் பேசப் போகிறான். அவன்மேலும் பொறாமையாக இருக்கிறது. என் பொறாமை வரிசையில் அவன் கடைசி ஆளாக நிற்கட்டும்.

போகும்போது தலைவி ஒன்று சொன்னாள். “கர்ப்பப்பை பேசினதையே எண்ணிக்கிட்டிருக்கியே, கரு பேசினதை யாரு கேட்டா? உன் கரு அனுப்பினது அவ உடம்புக்குள்ள போயிருக்கும்ல?” அது உண்மைதான். அந்த இரண்டு நாளில் என் பக்கத்துப் பொட்டலங்களும் உனக்குள் வந்திருக்கும். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாள். இருந்ததா என்று தெரியவில்லை.

என்னை மன்னிக்க வேண்டாம். நன்றாகச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 2

அக்கா,

கிட்டத்தட்ட மூன்று மாதம் உன்மேல் கோபமாக இருந்து பார்த்தேன். களைத்துப்போய்விட்டேன். பாரம் ஒன்று போதும்.

உன் தலைவி சொன்னது சரியாகத்தான் இருக்கும். உன் பக்கத்துப் பொட்டலம் எனக்குள் வந்திருக்கிறது. இல்லாவிட்டால் நான் ஏன் துணிகளை நிறவாரியாக மடித்து அடுக்க வேண்டும்? போன வாரம் என் வீட்டுக்காரர் அலமாரியைத் திறந்து பார்த்து, “உங்க அக்கா வந்திருக்காளா?” என்று கேட்டார்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். கேட்டுவிட்டுக் கத்து.

குழந்தை அசைகிறது. அது ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. நான் யாரிடமும் சொல்லவில்லை. முதல் தடவை வகுப்பில் இருந்தேன். பலகைக்கு முன்னால் நின்று, “வளைவுல பிரேக் போடாதீங்க, வளைவுக்கு முன்னாடியே போடுங்க” என்று கத்திக்கொண்டிருந்தேன். உள்ளே மீன் வால் தட்டியதுபோல் ஒன்று. சாக்குக்கட்டி கையிலிருந்து விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, “ஏதாவது தெரியுதா?” என்றாள். “ஒண்ணும் இல்லம்மா” என்றேன். மாமா கேட்டார், அவரிடமும் இல்லை என்றேன். பொய்.

சொன்னால் அது உங்களுடையதாகிவிடும், அக்கா. அம்மா உனக்குப் போன் போடுவாள், மாமா கண் கலங்குவார், எல்லோரும் உனக்கு வாழ்த்துச் சொல்வார்கள். நான் நடுவில் நாற்காலி மாதிரி உட்கார்ந்திருப்பேன். நீ அந்தப் படத்தில் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாய். அன்றைக்கு அம்மா தலை வாரிவிட்டுக்கொண்டே என்ன சொன்னாள் தெரியுமா? “அக்கா பிள்ளையாச்சே, முடிகூட உதிரக்கூடாது” என்றாள். பொடிசு வயிற்றில் இருந்தபோது அவள் உன் பட்டமளிப்பு விழாவுக்குத்தான் போயிருந்தாள்.

என் வயிறும் எரிகிறது. நான் பெறுவேன், நீ அம்மாவாவாய். எனக்குச் சின்னம்மா என்று ஒரு பட்டம் வரும். அதில் ‘சின்ன’ என்ற சொல்தான் கண்ணில் படுகிறது.

ஒன்று கேட்கிறேன். வேறு எதுவும் கேட்கவில்லை, இனிமேலும் கேட்க மாட்டேன். பிறந்ததும் ஒரே ஒரு தடவை நான் பால் கொடுக்கட்டுமா? ஒரு தடவை போதும். அப்புறம் உன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

வாலு

ஜூன் 14

வாலு,

உன் கடிதம் வந்து நாலைந்து நாள் ஆகிறது. சரி என்று ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று ஒன்று எழுதினேன். இரண்டும் நல்ல அக்கா எழுதும் கடிதங்கள். நான் அவள் இல்லை.

வேண்டாம், வாலு. முடியாது.

அதற்குக் கண் தெரியாத காலத்திலேயே உன் வீடுதான் அதனிடம் முதலில் பேசியது. காது முளைத்ததும் கேட்கப்போவது உன் இதயம், உன் குரல், உன் பிரேக், உன் கிளட்ச். அதன் உடம்பில் ஒவ்வொரு சொட்டும் நீ தின்ற சாப்பாட்டிலிருந்து வந்தது. வெளியே வந்ததும் அது முதலில் அறியும் சூடும் மணமும் நீயாகவே இருந்துவிட்டால், எனக்கு என்ன மீதி? அதன் மூக்கு என் மூக்காக இருக்கும் என்பார்கள். ஒரு மூக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? பிள்ளை மூக்கைப் பார்த்தா அம்மா என்று தெரிந்துகொள்ளும்?

நான் முன்கூட்டியே வந்துவிடுவேன். செப்டம்பர் கடைசியில் விடுப்புப் போட்டிருக்கிறேன். அதைத் துடைத்து என் கையில் கொடுக்கட்டும், புட்டியில் பால் கலந்து நானே கொடுப்பேன்.

அது அசைந்ததை என்னிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறாய் என்று உன் கடிதத்திலிருந்து புரிந்தது. அதற்கு நான் இப்படிப் பதில் எழுதுகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

அக்கா

செப்டம்பர் 9

அக்கா,

நீ வந்து சேரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன், ஊசி போட்டிருக்கிறார்கள். எழுந்த பிறகு முகம் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்காது. அதனால் எழுதி நர்ஸிடம் கொடுக்கிறேன். அவள் சின்ன வயதுக்காரி, நல்லவள்.

மகள். விமானம் இறங்கி மாமாவிடம் பேசும்போதே தெரிந்துகொண்டிருப்பாய். நாள் ஆவதற்கு முன்பே அவசரப்பட்டுவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் வகுப்பு முடித்துப் படியிறங்கும்போது பனிக்குடம் உடைந்தது. நான் எதுவும் தூக்கவில்லை, காரில் ஏறவில்லை, கோபப்படவில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

பிறந்ததும் அழுதாள். சின்னக் குரல்தான், ஆனால் அழுதாள். உடனே கண்ணாடிப் பெட்டிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். “மார்மேல ஒரு நிமிஷம் வைக்கட்டுமா?” என்று டாக்டரம்மா கேட்டார். “வேணாம் டாக்டர், எங்க அக்கா வந்துக்கிட்டிருக்கா” என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். பார்த்தால் கேட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்தாள். “குறைமாசக் குழந்தை, புட்டிப்பால் தாங்காது. சீம்பால் கொஞ்சமாவது வேணும்” என்றாள். “எங்க அக்கா வேணாம்னு சொல்லியிருக்கா” என்றேன். அவள் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மாமா உனக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார். நீ விமானத்தில் இருந்தாய்.

அதனால் நானே முடிவு செய்தேன். நீ வேண்டாம் என்றது நான் கொடுப்பதைத்தான், பாலை இல்லை என்று எடுத்துக்கொண்டேன். கையால் பீய்ச்சி ஒரு சின்னக் கிண்ணத்தில் கொடுத்தேன். அடி நனையும் அளவுதான் வந்தது. மாமாவும் நர்ஸும் பெட்டிக்குப் போய், குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். குடித்துவிட்டாள் என்று மாமா வந்து சொன்னார். அவர் அழுதார். நான் அழவில்லை.

நான் அவளைத் தூக்கவில்லை, அக்கா. தொடவும் இல்லை. மூக்கு யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லை. நீ போய்ப் பார்.

வாலு

செப்டம்பர் 25

வாலு,

மூன்று தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறோம். தபால்காரராக உன் மாமா. காலையில் உன் பால் புட்டிகள் அடங்கிய பையோடு வருகிறார், சாயங்காலம் காலிப் புட்டிகளோடு போகிறார். இரண்டு பெண்டாட்டிக்காரன்கூட இப்படி அலைய மாட்டான் என்று நேற்று புலம்பினார். முறைத்தேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்து மூன்று நாள் ஆகிறது. எடை ஏறுகிறது. டாக்டர், “தாய்ப்பால்தான் காப்பாத்திச்சு” என்றார், என் முகத்தைப் பார்த்து. நன்றி என்று நானும் சொன்னேன். எந்தத் தாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒவ்வொரு புட்டியிலும் உன் கையெழுத்தில் நேரம் எழுதியிருக்கிறது. விடியற்காலையில் எழுந்து எடுக்கிறாய் என்று தெரிகிறது. நான் அதைச் சூடாக்கி அவள் வாயில் வைக்கிறேன். குடிக்கிறாள். குடித்து முடித்ததும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி எதையோ தேடுகிறாள். கண் சரியாகத் தெரியாத வயது, எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும். நான் படித்தவள்.

மருத்துவமனையில் உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் படுக்கைக்கு வந்தேன். நீ சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை. நீ விழித்து, ‘பாக்கட்டுமா?’ என்று கேட்டுவிடுவாயோ என்று பயந்தேன்.

அக்கா

செப்டம்பர் 27

அக்கா,

புட்டி மூடி ஒன்று தொலைந்துவிட்டது, தேடிப் பார். கடைசிப் புட்டியில் அளவு கொஞ்சம் குறைவு. நான் சரியாகச் சாப்பிடவில்லை, நாளைக்குச் சரியாகிவிடும்.

பொடிசு, “தங்கச்சிப் பாப்பாவைப் பாக்கப் போலாமா?” என்று நச்சரிக்கிறாள். ஜலதோஷம் இருக்கிறது, குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்கு ஜலதோஷமே இல்லை.

நான் அந்தத் தெருப் பக்கம் வருவதில்லை. வேலைக்குத் திரும்பினால் மாணவர்களையும் வேறு வழியில்தான் ஓட்டச் சொல்வேன். கோபம் இல்லை, அக்கா. வந்தால் திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

வாலு

அக்டோபர் 3

வாலு,

இன்று காலை அவள் அழுத அழுகையில் அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்க்கும்படி ஆகிவிட்டது. தோளில் போட்டு நடந்தேன், பாடினேன், வயிற்றில் படுக்க வைத்தேன், துணி மாற்றினேன். பால் வாயில் வைத்தால் துப்பினாள். நானும் சேர்ந்து அழுதேன்.

அப்போது உன் மாமா அடுத்த அறையில் நீ போனில் அனுப்பியிருந்த பேச்சைப் போட்டுக் கேட்டார். “மாமா, பையை வெயில்ல வெக்காதீங்க, நேரா வீட்டுக்குப் போங்க, நடுவுல எங்கயும் நிக்காதீங்க” என்று மாணவனை அதட்டுவதுபோல் நீ அதட்டியது கதவு வழியாக வந்தது. இவள் பட்டென்று நிறுத்தினாள். வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினாள். அவர் இன்னொரு தடவை போட்டார். இன்னொரு தடவை கேட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருப்பேன். என் கை அவளைப் பிடித்திருந்தது, அதனால் பிழைத்தது. அவரிடம், “இன்னொரு தடவை போடுங்க” என்றேன். ஒரு பிள்ளை நாள் பூராவும் அழலாம், அம்மாவின் வறட்டுக் கௌரவத்துக்காக அழ வேண்டாம்.

நாளைக்குப் புட்டி அனுப்பாதே. நீ வா. பொடிசையும் கூட்டிக்கொண்டு வா. ஜன்னல் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் உட்கார்ந்து நீயே அவளுக்குக் கொடு. ஒரு தடவைதான் என்று கணக்கு வைக்க வேண்டாம்.

நான் அறையை விட்டுப் போக மாட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வயிறு எரியத்தான் செய்யும், முகத்திலும் தெரியும். அதைக் கண்டுகொள்ளாமல் நீ பாட்டுக்குக் கொடு.

அக்கா